பத்து நிமிஷத் தூரம்

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தொன்று. அவருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்த ரெஜினாவுக்கு முப்பத்து நாலு. செவ்வாய்க் கிரகத்துக்குப் போன விண்கப்பலைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அவள்தான் தலைமைக் கதாசிரியர்.

நாயகம் நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவர். விண்வெளியை அறிவியல் மாத இதழ்களில் படித்தே கற்றுக்கொண்டவர். தொடரில் கணக்குப் பிசகாமல் பார்க்கத்தான் அவரை வைத்தார்கள். முதல்முறையாக ஒரு பகுதியை அவர் பெயரிலேயே எழுதச் சொல்லியிருந்தார்கள். கப்பலின் கேப்டன் சாகிற பகுதி.

மூன்றாவது தடவையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். ரெஜினா கடைசித் தாள்வரை படித்தாள்.

"மூச்சுக்காத்து தீர்ந்துபோய்ச் சாகிறவன், சாவைப் பத்தி நாலு பக்கம் பேசுறான். அவ்வளவு மூச்சு ஏதுண்ணே?"

"ஆழம் பத்தலைன்னு சேனல்ல சொன்னாங்களே மேடம்."

அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். அங்கிருந்து பேசினால் பூமிக்கு வந்து சேரப் பத்து நிமிஷம், பதில் போய்ச் சேர இன்னொரு பத்து என்று முதலில் எழுதி, பிறகு அடித்திருந்தார். மேலே, உடனுக்குடன் பேசப் புதுக்கருவி வந்துவிட்டது என்று ஒரு வசனம்.

"கேப்டனும் பொண்டாட்டியும் பேசுற பேச்சு மேடம். டிவியில இருபது நிமிஷம் எவன் காத்திருப்பான்?"

"ஆறு மணிக்குத் தாள் போகணும். இல்லேன்னா வேற ஆளு எழுதுவாங்க. உங்க பேரு வராது."

"தெரியும். ஆழத்தை எங்கதான் வைக்கிறது? அதைச் சொல்லுங்க."

ரெஜினா கைக்கடிகாரத்தைக் கழற்றி இருவருக்கும் நடுவில் வைத்தாள். மணி நாலு. பதில் சொல்லவில்லை.

நாயகம் ரெண்டு நிமிஷம் பொறுத்தார். "காபி சொல்லட்டுமா மேடம்?"

பதில் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு ஏழுக்கு அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "மில்லுக்காரனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு நினைக்கிறீங்க. நேராவே சொல்லிருங்களேன்!"

அதற்கும் பதில் இல்லை. எழுந்தார். ஜன்னல்வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். யாரும் பதில் சொல்லாத இடத்தில் மனுஷன் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்? நாலே காலுக்கு, தானாகவே வாய் திறந்தது.

"எம் பொண்டாட்டி சொர்ணம், ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணினா மேடம். 'ஏங்க, ஒரு விஷயம்'னா. ஷிப்டுக்குச் சங்கு ஊதிட்டான், அப்புறம் பேசுறேன்னு வெச்சுட்டேன். அப்புறம்னு ஒண்ணு இல்லாமலே போச்சு. மூணு வருஷமா அந்தப் போனுக்குத்தான் பதில் பேசிக்கிட்டிருக்கேன். பஸ்ல, அடுப்படியில, எங்கேயும். கேப்டன் பேசுற நாலு பக்கமும் அதுதான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலு இருபதுக்கு ரெஜினா வாயைத் திறந்தாள். "நீங்க அடிச்ச வரியிலண்ணே."

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பெண்டாட்டி செத்ததைச் சொல்லி அழுகிறவனிடம் பேசுகிற பேச்சா இது?

நாலு இருபத்திரண்டு. "காபி வேண்டாம்ணே."

அப்போதுதான் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். காபி கேட்டுச் சரியாக இருபது நிமிஷம்.

நாலு இருபத்தேழு. "அப்படி நான் நினைக்கவே இல்லண்ணே."

சொர்ணத்தைப் பற்றிச் சொன்னதற்குப் பதில் வர இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. விட்ட வார்த்தையைத் துரத்திப் பிடிக்க முடியாது. எழுந்து போய்விடலாம், போனாலும் பதில் வரும், கேட்க ஆள் இருக்காது. அவ்வளவுதான். முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷத்தில் எந்த ஷிப்டும் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

நாலு முப்பத்தைந்து.

"கேப்டன் செத்த பிறகும் பத்து நிமிஷத்துக்கு அவன் குரல் பூமிக்கு வந்துக்கிட்டிருக்கும்," என்றாள் ரெஜினா. "அவன் போயிட்டது தெரியாம அவ பதில் பேசிக்கிட்டிருப்பாண்ணே."

நாயகம் பேனாவை எடுத்தார். புதுக்கருவி வசனத்தை அடித்தார். அடுத்து நாலு பக்கத்தையும் குறுக்கே அடித்தார். வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டார். எழுத வரவில்லை.

"அவ பேசுற பதில்," என்றார். "அது யாரைப் போய்ச் சேரும் மேடம்?"

இந்தத் தடவை அவள் கடிகாரத்துக்குக் காத்திருக்கவில்லை.

"கப்பலைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கும்ணே. நிக்காது."