கொடிப்பாலமும் மூன்று பலாப்பழங்களும்

மலையடிக் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆனி மாதம் சாரல் பிடித்தால் போதும், ஆறு பொங்கித் தாழ்ந்த கரையிலிருக்கும் வளைகளை எல்லாம் விழுங்கிவிடும். போன வருஷம் முள்ளம்பன்றி சிலுப்பி தன் மூத்த குட்டியை அந்தத் தண்ணீருக்குத்தான் பறிகொடுத்தது. இப்போது அதற்கு இன்னும் இரண்டு குட்டிகள்.

இந்த வருஷம் குரங்குகள் ஒரு பெரிய காரியம் செய்தன. காட்டுக்கொடிகளை முறுக்கி, ஆற்றின் குறுக்கே மேட்டுக் கரைக்கு ஒரு பாலம் கட்டின. கட்டி முடித்ததும் குரங்குத் தலைவன் நெட்டைவாலன் பாறைமேல் ஏறி மார்தட்டியது.

"வெள்ளோட்டம் முடிஞ்சாச்சு! ஐம்பது தடவை போய் வந்தாச்சு! ஒரு கொடிகூட அறுந்துபோகலை! நாளைக் காலையில வளைக்காரங்க எல்லாரும் தாண்டலாம். குட்டிகள் முதல்ல!"

முயல்கள் துள்ளின. கீரிகள் வாலை ஆட்டின. காட்டுக்குப் பெரியவரான கரடி, "பலே!" என்றது.

சிலுப்பி மட்டும் பாலத்தின் முனைக்குப் போய் மோந்து பார்த்தது. கொடிக்கும் கொடிக்கும் நடுவே குரங்கு எட்டி வைக்கும் தூரம். அந்தச் சந்து வழியே ஆறு தெரிந்தது.

"நெட்டைவாலண்ணே, ஐம்பது தடவை போனது யாரு?"

"நாங்கதான்! வேற யாரு?"

"எப்போ போனீங்க?"

"உச்சி வெயில்ல! கொடி நல்லாக் காய்ஞ்சு கெட்டியா இருந்துச்சு!"

"அப்போ அது ஒத்திகை, அண்ணே. வெள்ளோட்டம்னா போகப் போறவங்களே போய்ப் பார்க்கணும். போகப் போற மழையிலயே போய்ப் பார்க்கணும்."

குரங்குகள் கெக்கலி கொட்டின.

"பாருடா, முள்ளம்மா நமக்குப் பாடம் நடத்துது!"

"வளை தோண்டுறவளுக்குப் பாலத்தைப் பத்தி என்ன தெரியும்!"

நரியும் சேர்ந்துகொண்டது. "காடே சந்தோஷமா இருக்கும்போது ஒருத்தி மட்டும் மூக்கால அழணுமா?"

கரடி முகத்தைச் சுளித்தது. "சிலுப்பி, நம்பிக்கை இல்லைன்னா நீ இங்கேயே கிட. மத்தவங்களைக் கலைக்காதே!"

சிலுப்பி நேரே பலாமரத்தடிக்கு நடந்தது.

மறுநாள் காலை சாரல் இறங்கிவிட்டது. ஆறு செம்மண் நிறத்தில் புரண்டது. பாலத்தருகே குட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால், பாலத்தை அடைத்துக்கொண்டு சிலுப்பி நின்றது. ஒரு முள் பாக்கியில்லாமல் சிலிர்த்திருந்தது. காலடியில் சின்னதாக மூன்று பலாப்பழங்கள்.

"வழியை விடு!" என்று கத்தியது நெட்டைவாலன்.

"விட மாட்டேன்!"

"தண்ணி ஏறுதே, தெரியலையா?"

"என் பிள்ளையைக் கொண்டுபோன தண்ணி. அது ஏறுறது எனக்குத் தெரியாதா? முதல்ல இந்தப் பழம் போகட்டும். இது என் குட்டி கனம்தான்."

"விலகு! இது என் கட்டளை!" என்று கரடி உறுமியது.

"என்னை மிதிச்சுட்டுப் போங்க, ஐயா! உங்க பாதத்துக்குத்தான் வலிக்கும்."

கரடி தன் பாதத்தை ஒரு தடவை பார்த்தது. ஓரடி பின்வாங்கியது.

சிலுப்பி ஒரு பழத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு பாலத்தில் ஏறியது. ஓரடி. இரண்டடி. மூன்றாம் அடியில் ஈரக்கொடி வழுக்கி விலகியது. 'தொபுக்'கென்று பழம் ஆற்றில் விழுந்தது. சுழன்றது. காணாமல் போனது. சிலுப்பிக்கும் கால் சறுக்கியது. கொடியைப் பல்லால் கவ்விக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கரையேறியது.

நெட்டைவாலனுக்கு ரோஷம் தாங்கவில்லை.

"பழத்துக்கு ஏது கை? பிடிச்சுக்கத் தெரியலை, விழுந்துடுச்சு!"

"என் குட்டிக்கு மட்டும் கை இருக்கா, அண்ணே?"

நெட்டைவாலன் தன் விரல்களைப் பார்த்தது. பிறகு முயல் குட்டிகளின் பாதங்களைப் பார்த்தது. படீரென்று தலையில் அடித்துக்கொண்டது.

"ஓடுங்கடா! மூங்கிலை ஒடிச்சுட்டு வாங்கடா!"

குரங்குகள் மூங்கிலைப் பிளந்து தட்டி முடைந்தன. கரடியே மூங்கில் சுமந்தது. பாலத்தின் மேல் தட்டியை விரித்துக் கட்டியபோது, முதல் வளைக்குள் தண்ணீர் நுழைந்துவிட்டது.

"இப்போ போதுமா, தாயே?" என்றது நெட்டைவாலன்.

"பழம் சொல்லட்டும்!"

சிலுப்பி தள்ளிவிட்ட இரண்டாவது பழம் பாதிப் பாலம் வரை உருண்டது. காற்று ஒரு வீசு வீசியது. பழம் பக்கவாட்டில் உருண்டு ஆற்றுக்குள் போனது.

"ரெண்டு பக்கமும் தடுப்பு வேணும்!" என்றது சிலுப்பி. இந்தத் தடவை ஒரு குரங்கும் சிரிக்கவில்லை. மளமளவென்று தடுப்பு கட்டின.

மூன்றாவது பழம் கொட்டுகிற மழையில் அக்கரை சேர்ந்தது. அதன் பின்னாலேயே சிலுப்பியும் போனது. மறுபடி திரும்பி வந்தது. கரையில் அதன் வயிறு வரை தண்ணீர்.

"இப்போ குட்டிகளை விடுங்க!"

எல்லாக் குட்டிகளும் தாண்டின. தாய்கள் தாண்டின. கடைசியாகத் தாண்டிய சிலுப்பி மேட்டுக் கரையில் தன் இரண்டு குட்டிகளையும் ஒன்றுக்கு இரண்டு முறை முகர்ந்து பார்த்தது. தாழ்ந்த கரை முழுக்க ஒரே வெள்ளக்காடு.

நரி உடம்பை உதறிக்கொண்டு, "பாலம் உறுதின்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது.

சிலுப்பி திரும்பி ஒரே ஒரு தடவை முள்ளைச் சிலிர்த்தது. நரி கப்சிப்!

யாருக்காகச் செய்தோமோ அவர்களும், எந்த மழைக்காகச் செய்தோமோ அந்த மழையும் சோதித்துப் பார்க்காத பொருளை, ஊரே கைதட்டினாலும் நம்பிவிடாதே.