பிரேக் லைட் எரியுதுங்களா?

மில் முதலாளி தெய்வசிகாமணியின் பழைய காரில் பிரேக் லைட் சுவிட்ச் போய்விட்டது. மெக்கானிக் மரகதத்தை வரவழைத்து, "மாத்திக் குடு. ஆனா சீட்டுல உட்காரக் கூடாது," என்றார்.

அந்த டிரைவர் சீட்டில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஓட்டியவர் அவளுடைய அப்பா. முதலாளி எவர் பேச்சையும் நம்பமாட்டார் என்று வீட்டில் புலம்புவார்.

மரகதம் பானெட்டைத் திறந்து, நின்றபடியே சுவிட்சை மாற்றினாள். "நீங்க பிரேக்கை மிதிங்க. லைட் எரியுதான்னு பின்னாடி நின்னு பார்த்துச் சொல்றேனுங்க."

"நீ சொன்னா நம்பிடுவனா? என் கண்ணால பார்க்கணும்."

"அப்ப மிதிக்க இங்க நான்தானுங்களே இருக்கேன்?"

முகத்தைச் சுளித்துக்கொண்டே அவர் காருக்குப் பின்னால் போய் நின்றார். அவள் ஏறி உட்கார்ந்தாள். அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

"எரியுது. இறங்கு!"

"நல்லாப் பாருங்க," என்றாள், காலை எடுக்காமல். "எங்கப்பா மிதிச்சப்ப எரிஞ்ச மாதிரியே எரியுதுங்களா?"