சின்னவளின் பெட்டி

குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு ஐம்பத்தாறு. பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்து ரைபிள் கிளப் ஒன்றில் இந்தப் பாடம் நடந்தது. பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கையாக இருந்தது.

குருவின் பெயர் கோகிலவாணி. கிளப்பில் தோட்டா நிரப்பும் அறை அவர் பொறுப்பு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் வெடிப்பொடியை மறுபடி அளந்து போட்டு, முனையில் குண்டைப் பொருத்தி இறுக்கினால் அது மறுபடியும் தோட்டா. அந்த வேலைக்கான அனுமதி கிளப்புக்குத்தான் இருந்தது, அதுவும் அந்த அறைக்குள் மட்டும்.

சீடர் நாச்சிமுத்து தென்னைநார் மில் முதலாளி. துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்ததுகூட இல்லை. அவருடைய இரண்டு மகள்கள்தான் சுட்டார்கள். அவர்களுக்குத் தோட்டா நிரப்பித் தரவேண்டும் என்று கற்க வந்தார். முதல் நாள் குருவை “அம்மணி” என்று கூப்பிட்டார். தராசுத் தட்டில் ஒவ்வொரு மணியாகத் தட்டிவிட்டு அவர் பொடி நிறுப்பதைப் பார்த்த பிறகு, மூன்றாம் நாள் “வாத்தியாரம்மா” என்று மாற்றிக்கொண்டார்.

எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் சுபாவம். மில்லில் பத்து மோட்டாரும் ஒரே மாதிரி. மகள்களுக்குத் தீபாவளித் துணி ஒரே பீஸில் வெட்டியது. பெரியவள் பவதாரணிக்கு ஒன்று, சின்னவள் மிருதுளாவுக்கு வேறு ஒன்று என்ற பேச்சே வீட்டில் கிடையாது. சுடும்போது போடுகிற கனமான ஜாக்கெட்டைக்கூட இரண்டாகத் தைத்தார், பெரியவள் அளவுக்கு. சின்னவள் கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொள்வாள். வளர்கிற பிள்ளைதானே என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரைபிள்கள் மட்டும் அவர் சொல் கேட்கவில்லை. பெரியவளுடையது நீளக் கூட்டுத் தோட்டா. சின்னவளுடையது குட்டைக் கூடு. குண்டின் பருமன் இரண்டுக்கும் ஒன்றுதான், பொடி வேறு வேறு.

ஒருநாள் அவர் கேட்டார்.

“ரெண்டு துப்பாக்கி சரிங்க. பொடியும் எதுக்குங்க ரெண்டு? ஒரே பொடி ரெண்டுக்கும் ஆகாதுங்களா?”

“ஆகும்ங்ண்ணா.”

வாதாடத் தயாராக வந்தவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

“குண்டு?”

“அதுவும் ஒண்ணே போதும். பொடிக் கம்பெனி கையேட்டுல ரெண்டு கூட்டுக்கும் இந்தப் பொடி இருக்கு. அளவுதான் வேற.”

“மேஜை மேல ஒரு பொடிப் புட்டிக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. இனி ரூம்லயே ஒரே புட்டி. மாத்தி ஊத்த வழியே இல்லை.”

“இல்லைதான்.”

“அப்ப இதுல தப்பே நடக்காதுங்க வாத்தியாரம்மா.”

கோகிலவாணி அவரை ஒரு பார்வை பார்த்தார். “செஞ்சு பாருங்ண்ணா” என்றார்.

செய்தார்கள். கையேட்டில் சொன்ன குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு ரைபிளிலும் குருவே சுட்டுப் பார்த்தார். மூன்று ஞாயிறு ஆனது. முடிவில் இரண்டு இலக்கு அட்டைகளிலும் ஓட்டைகள் ஒரு ரூபாய் வட்டத்துக்குள் விழுந்தன. இரண்டு அளவுகளையும் நாச்சிமுத்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

“நல்ல தேர்வுங்ண்ணா” என்றார் குரு.

அந்த ஒரு வார்த்தையை அவர் மில்லில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார். மீதிப் பேர் அன்று லீவு.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. காலை ஏழு மணிக்கே நாச்சிமுத்து அறையில் உட்கார்ந்துவிட்டார். அளவுக் குழலின் திருகைப் பெரியவள் அளவுக்குத் திருப்பி வைத்தார். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் அந்த அளவுப் பொடி கூட்டுக்குள் விழும். பெரியவளுக்கு ஐம்பது தோட்டா. அடுத்து குட்டைக் கூடுகளை எடுத்து வைத்துச் சின்னவளுக்கு ஐம்பது. குரு சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஐம்பதிலும் பொடி ஒரே மட்டத்தில் இருந்தது. திருப்தியாகக் குண்டுகளை இறுக்கிப் பெட்டியை மூடினார்.

மிருதுளா வாசலில் வந்து நின்றாள். ஜாக்கெட் கையை மடித்து விட்டிருந்தாள்.

“அப்பா, பேரைக் கூப்புடப் போறாங்க. என் பெட்டி?”

“இந்தா கண்ணு.”

நீட்டிய பெட்டியை நடுவில் கோகிலவாணி வாங்கிக்கொண்டார். ஒரு தோட்டாவை எடுத்துக் காதருகே குலுக்கினார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை நாச்சிமுத்துவின் காதருகே வைத்துக் குலுக்கினார்.

“என்ன கேக்குது?”

“ஒண்ணும் கேக்கலீங்க.”

அலமாரியில் போன வாரம் சின்னவளுக்காக நிரப்பியதில் ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் அவர் காதருகே குலுக்கினார்.

“இது?”

“சலசலங்குதுங்க. உள்ள கொஞ்சம் எடம் இருக்குது.”

சொல்லி முடிக்கும்போதே அவர் கண் அளவுக் குழலின் திருகுக்குப் போனது. அது காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. நீளக் கூட்டுக்கான அளவுப் பொடி, ஐம்பது குட்டைக் கூட்டிலும் முட்ட முட்டப் போயிருந்தது.

“மிருதுளா, உன் முறையைக் கடைசிக்கு மாத்தச் சொல்லி நான் சொன்னேன்னு சொல்லு. அக்காகிட்டப் போய் உக்காரு” என்றார் கோகிலவாணி.

அவள் போனாள்.

“இதைச் சுட்டிருந்தா, வாத்தியாரம்மா?”

“துப்பாக்கி தாங்கினாலும் தாங்கியிருக்கும். தாங்கலைன்னா பின்பக்கம் வெடிக்கும். அவ கன்னம் அங்கதான் இருக்கும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பயந்துபோயிருந்தார், பயத்தைவிட வெட்கம் அதிகம்.

“ரெண்டு புட்டி இருந்தப்ப ஒருதரம்கூட இப்படி ஆகலீங்களே.”

“அப்பப் புட்டியை மாத்துவீங்க. அதை மாத்துறப்பவே திருகு ஞாபகம் வந்துரும். இன்னைக்கு மாத்துறதுக்கு மேஜை மேல என்ன இருந்துச்சு?”

மேஜை மேல் இருந்த ஒரே புட்டியை அவர் பார்த்தார். குரு தலை குடைந்த சுத்தியல் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் தட்டினால் குண்டும் பொடியும் கழன்று விழும். ஐம்பதையும் அவரே தட்டிக் கழற்றினார். மில்லில் துரும்பு தூக்கியறியாத கை பதினைந்தாவதிலேயே சிவந்துவிட்டது. குரு உதவிக்கு வரவில்லை. கழன்ற பொடியைத் தனியே வாங்கி மூடி வைத்தார்.

முப்பதாவது தோட்டாவில் குரு கேட்டார்.

“பெரியவளுக்கு அளவு எவ்வளவுங்ண்ணா?”

தட்டிக்கொண்டே தசமப் புள்ளியோடு சொன்னார்.

“சின்னவளுக்கு?”

தட்டுவது நின்றது. அவர் கை நோட்டைத் தேடிப் போனது. நோட்டின் மேல் கையை வைத்தபடி, திறக்காமல் அப்படியே இருந்தார். குரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவர் நோட்டைத் திறந்தார். சின்னவளின் அளவை வாய்விட்டு மூன்று தடவை படித்தார். திருகைத் திருப்பினார். முதல் பத்தைத் தராசிலும் நிறுத்துப் பார்த்தார், குருவும் நிறுத்துப் பார்த்தார். பெட்டி நிரம்பியதும் ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கினார். ஐம்பதும் சலசலத்தன. பெட்டியை அவரே கொண்டுபோய் மகளிடம் கொடுத்தார். சரிந்து விழுந்திருந்த ஜாக்கெட் கையை மடித்துவிட்டார். சரியாக நிற்க மூன்று மடிப்பு தேவைப்பட்டது.

எல்லோரும் சுட்டு முடித்த பிறகு மிருதுளா சுட்டாள். நாச்சிமுத்து சத்தத்தை அறைக்குள் நின்றே கேட்டார். முதல் சத்தத்துக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இருபதாவது சத்தத்துக்கும் மூடினார். கடைசிச் சத்தம் அடங்கி, அவள் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

“நாளைக்கே பழையபடி ரெண்டு பொடி வாங்கிடறனுங்க.”

“எதுக்குங்ண்ணா? நீங்க எடுத்தது நல்ல பொடி. ரெண்டுக்கும் பொருந்துது.”

“அப்ப நான் என்னத்த மாத்தறது?”

“சின்னவளோட பெட்டியை மொதல்ல போடுங்க.”

அவர் யோசித்தார்.

“அப்பவும் நான் திருகை மாத்த மறந்துட்டா?”

கோகிலவாணி அளவுக் குழலைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்தார்.

“மறந்தா, நீளக் கூட்டுல பொடி கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். கொறையறது ஒருதரம் பெரியவளுக்குக் கொறையட்டும்.”