யானை குடிக்காத ஆறு

மலையில் பிறந்து கடலுக்குப் போகும் கொன்றையாற்றங்கரையில், வெகுகாலத்துக்கு முன்னே, வல்லபராயர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். திடீரென்று ஒன்றின்மேல் ஆசை வந்தால் அது கிடைக்கும்வரை அவருக்குத் தூக்கம் பிடிக்காது. ஒரு வருஷம் அந்த ஆசை பச்சைப் பட்டின்மேல் வந்தது. மயில் கழுத்துப் பச்சை, வெயிலில் வைத்தாலும் மங்காத பச்சை வேண்டுமென்றார்.

சாயச்சாலை அதிகாரி விடங்கர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். மயில்துத்தத்தோடு பாஷாணம் என்னும் விஷக் கல்லை அரைத்துக் காய்ச்சினால் அந்த நிறம் வரும். சபை முழுவதும் பச்சை உடுத்தியது. மந்திரி மாறநம்பிக்கும் ஒரு சால்வை கிடைத்தது. மந்திரியின் நாற்காலிமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த விடங்கர், அதைத் தன் கையாலேயே போர்த்திவிட்டார்.

அந்தச் சால்வையோடுதான் மாறநம்பி, ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த கீழத்துறைக்குத் துக்கம் கேட்கப் போனார். அவருடைய தங்கை வடிவாளின் கைக்குழந்தை இறந்திருந்தது. போகும் வழியெல்லாம் செத்த மீன் ஒதுங்கிக் கிடந்தது. சினைமாடுகள் மாதம் நிறையாமலே கன்றை வீசின. ஊராரின் உள்ளங்கைகள் தடித்து, கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தன. சாயத் தொட்டிகளைக் கழுவிய தண்ணீரைச் சாயச்சாலைக்காரர்கள் தினமும் ஆற்றில் திறந்துவிடுவதாகவும், காய்ச்சிக் குடித்தும் பிரயோஜனமில்லை என்றும் ஊரார் சொன்னார்கள்.

வடிவாள் அழவில்லை. அண்ணனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நிறம், அண்ணே. இங்கே எங்கள் கிணற்றிலும் இதே நிறம் வந்தது" என்றாள்.

மாறநம்பி சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

சபையில் அவர் விஷயத்தைச் சொன்னதும் விடங்கர் சிரித்தார். ஆறு அத்தனை பெரிதாக ஓடும்போது நாலு தொட்டித் தண்ணீர் என்ன செய்துவிடும், மந்திரிக்குப் பொறாமை என்றார். கீழத்துறைக்காரர்களை அழைத்துவர மாறநம்பி அனுமதி கேட்டார். ராஜாவுக்கு எரிச்சல் வந்தது.

"மனுஷ சாட்சியே வேண்டாம். மனுஷன் கூலிக்கும் பேசுவான், கோபத்துக்கும் பேசுவான். யாராலும் விலைக்கு வாங்க முடியாத சாட்சியைக் கொண்டு வாரும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போம்."

மாறநம்பி சற்று யோசித்தார். "அப்படியானால் மகாராஜாவின் பட்டத்து யானையைக் கொடுங்கள். சபையும் கூட வரட்டும்" என்றார்.

அஞ்சனை என்ற அந்த யானையை வெயிலில் கீழத்துறைவரை நடத்திப் போனார்கள். தாகத்தோடு ஆற்றுக்கு ஓடிய அஞ்சனை, தும்பிக்கையைத் தண்ணீரருகே கொண்டுபோய் முகர்ந்து, புஸ்ஸென்று ஊதிவிட்டுப் பின்வாங்கியது. பாகன் அதட்டினான். ராஜாவே இறங்கி, கரும்பைக் காட்டி அழைத்தார். அது அசையவில்லை.

"தாகமில்லை போலிருக்கிறது" என்றார் விடங்கர்.

"இருக்கலாம்" என்ற மாறநம்பி, யானையைச் சாயச்சாலைக்கு மேலே, ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்துக்கு நடத்தச் சொன்னார். அங்கே அஞ்சனை முழங்கால்வரை இறங்கி, நிறுத்தாமல் குடித்தது.

கீழத்துறையில் மொண்டு வந்த செம்பை மாறநம்பி விடங்கரிடம் நீட்டினார். "யானைக்கு என்ன தெரியும்? நீங்கள் குடித்துக் காட்டுங்கள். நான் இப்போதே மோதிரத்தைக் கழற்றித் தருகிறேன்."

விடங்கர் மோதிரத்தைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். கை மட்டும் மேலே எழும்பவில்லை.

ராஜா தன் பச்சை அங்கவஸ்திரத்தைத் தரையில் போட்டார். விடங்கரின் பதவி அன்றே போயிற்று. என்ன பரிசு வேண்டுமென்று ராஜா கேட்டபோது, அரண்மனைக்கு வரும் மலைச்சுனைத் தண்ணீரை இனிக் கீழத்துறைக்கு அனுப்ப வேண்டும், அந்தத் தண்ணீர் வண்டியை விடங்கர் ஓட்ட வேண்டும் என்றார் மாறநம்பி. பாஷாணக் கல்லுக்குத் தடை வந்தது. மற்றச் சாயங்களின் கழிவும் ஆற்றுக்குப் போகாதபடி, சுண்ணாம்புக் காரை பூசிய குழிகளில் அதைத் தேக்கி வற்றவைத்து, அடியில் தங்கும் மண்டியை ஊருக்கும் ஆற்றுக்கும் எட்டாத பாறைக்குடைவில் மூடினார்கள்.

அடுத்த மழைக்கு ஆறு கண்ணாடிபோல ஓடியது. ராஜா மாறநம்பியோடு சந்தோஷமாகக் கீழத்துறைக்கு வந்தார்.

"தெளிந்துவிட்டதே, நம்பி."

"பார்வைக்குத் தெளிந்திருக்கிறது, மகாராஜா. மண்ணுக்குள் இறங்கியது அப்படியே இருக்கிறது. கிணறுகள் தேற நம் ஆயுசு போதாது."

ராஜாவுக்குத் தாகம் எடுத்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அது வடிவாள் வீடு. அவள் உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து, கவிழ்த்துக் காட்டினாள்.

"வண்டி இன்னும் வரவில்லை, மகாராஜா."

தெருவோரம் குடங்களோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில், வெயிலில், ராஜாவும் போய் உட்கார்ந்தார். எழுந்து அவருக்கு வழிவிட யாருக்கும் தோன்றவில்லை.