ஓதம் காஞ்ச செவுரு

ஒரு ஊர்ல ஒரு மரகதம். திண்டுக்கல் பக்கம்னு வச்சுக்கயேன். அவளுக்கு ஒரு புருஷன், சீனியம்மான்னு ஒரு மாமியா. சொந்த வீடுதான் இல்ல. பெரியம்மா நிறுத்துற எடத்துல எல்லாம் நீ "ம்" சொல்லணும் தங்கம், இல்லேன்னா கதை உனக்கு முன்னாடி படுத்துக்கும். ம்? நல்ல புள்ள.

மொத வாடகை வீட்டுக்குப் போனாங்க. வீட்டுக்காரம்மா பேரு பரிமளம். சாவியக் குடுக்கும்போதே, "இந்தாம்மா, செவுத்துல ஆணி அடிக்கப்படாது, ஆமா"ன்னாங்க. ஏற்கெனவே இருந்தது ஒரே ஒரு ஆணி. அதுல காலண்டரு, அது மேல புருஷன் சட்டை, சட்டை மேல பை. சட்டைய எடுத்தா எல்லாம் பொத்துன்னு விழும். "ஒரு ஆணி அடிச்சா இந்தம்மாவுக்கு உசுரா போயிரும்?"னு மரகதம் முணுமுணுன்னு திட்டினா. அப்புறம், பழைய கெணத்துக் கயிறு ஒண்ணு கெடந்துச்சு, அத ஜன்னக் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்கும் சர்ருன்னு இழுத்துக் கட்டினா. கல்யாணப் போட்டோ, காலண்டரு, ஓலை விசிறி, எல்லாத்தையும் துணி கிளிப்புப் போட்டு அதுல வரிசையாத் தொங்க விட்டா. ஃபேனப் போட்டா எல்லாம் சலசலன்னு ஆடும். "என்னடி, போட்டோவத் தொவச்சுக் காயப் போட்டிருக்க?"ன்னு தெருவே சிரிச்சுது. சிரிக்கட்டுமேன்னு விட்டுட்டா.

ம்?

அப்புறம் ரெண்டாவது வீடு. கும்மிருட்டு. பட்டப்பகல்ல அரிசியில கல்லு தெரியாது. பக்கத்துல டெய்லர் காதர் பாய் இருந்தாரு. அவரு வந்து, "தங்கச்சி, ஓரம் ஒடஞ்ச கண்ணாடி ஒண்ணு கடையில சும்மா கெடக்கு, எடுத்துக்க"ன்னாரு. அதக் கொண்டாந்து வாசலப் பாக்கச் சாய்ச்சு வச்சா பாரு, வெயில் அதுல பட்டு உள்செவுத்துல பளிச்சுன்னு அடிச்சுது! சீனியம்மா தெனமும் அந்த வெளிச்சத்துல போய் உக்காந்துதான் மல்லிகப்பூக் கட்டும்.

அப்புறம் மூணாவது வீடு. கயிறும் கண்ணாடியும் கூடவே வந்துச்சு. அங்க வெளிச்சம் இருந்துச்சு, ஆனா செவுரெல்லாம் ஓதம். மழை பேஞ்சா ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொலபொலன்னு சோத்துத் தட்டுல உதிரும். சீனியம்மா பெட்டியத் தொறந்து தன்னோட செவப்புச் சுங்குடிச் சேலைய எடுத்துச்சு. "இதப் போட்டு மறச்சு விடு மரகதம். நான் இனிமே கட்டிக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போப்போறேன்?" செவுரு பூரா சேலையத் தொங்கவிட்டதும் அந்த வீட்டுக்கே ஒரு களை வந்துருச்சு. ஆனா சீனியம்மாவுக்கு மனசு கேக்காது. தெனம் காலையில சேலை முனையத் தூக்கி, செவுத்தத் தொட்டுப் பாத்து, "ஓதம் இன்னும் காயலடி"ன்னு சொல்லிட்டுத்தான் காப்பி குடிக்கும். இப்படியே பதினோரு வருஷம்.

தூங்கிட்டியா? ம். சரி, கேளு.

அப்புறம் சொந்த வீடு கட்டினாங்க. பழைய தொடப்பத்தப் புது வீட்டுக்குக் கொண்டு வரப்படாதுன்னு யாரோ சொன்னாங்க. தொடப்பத்தத்தான் சொன்னாங்க! இந்தக் கூறுகெட்டவ எல்லாத்தையும்னு எடுத்துக்கிட்டா. கயிறு, கண்ணாடி, சேலை, அத்தனையும் பழைய சாமான் மாயாண்டிகிட்டப் போட்டுட்டு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னா. வீட்ட ஜவுளிக்கடைக் காலண்டர்ல இருக்கிற வீடு மாதிரியே பண்ணினா. பளபளன்னு தரை, தகதகன்னு திரை. பால் பொங்குச்சு, வந்தவங்க எல்லாம் "ஆகா"ன்னாங்க.

அப்போ சீனியம்மாவுக்கு மறதி வந்திருந்த நேரம். சாயங்காலம் ஆனதும் பையத் தூக்கிட்டு எந்திரிச்சிருச்சு. "மரகதம், நாழியாச்சு, வீட்டுக்குப் போலாமா?"

"இதுதான் அத்தை நம்ம வீடு."

"போடி. யாரு வீட்டுலயோ வந்து உக்காந்துக்கிட்டு..."

மொத நாள் சோறு எறங்கல. ரெண்டாம் நாள் தண்ணி மட்டும். மூணாம் நாள், செருப்புகூட இல்லாம விறுவிறுன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருச்சு, வீட்டத் தேடி. கூட்டியாந்து உக்கார வச்சுட்டு மரகதம் அழுதா. அவளுக்கே அந்த வீட்டுல காலை நீட்டி உக்காரக் கூச்சமாத்தானே இருந்துச்சு.

அப்புறம் ஓடினா, மாயாண்டி கடைக்கு. கயித்த வச்சு அவன் வண்டியில மூட்டை கட்டியிருந்தான், அவுத்துக் குடுத்துட்டான். கண்ணாடியப் பாத்துச் சவரம் பண்ணிக்கிட்டிருந்தான், பாதி மூஞ்சியோட அதையும் எடுத்துக் குடுத்தான். சேலை எங்க? அவன் பொண்டாட்டி அதுல தூளி கட்டியிருக்கா. உள்ள கைக்கொழந்த கொர் கொர்ருன்னு தூங்குது. மரகதம் எப்படிக் கேப்பா? மெதுவா மாமியா கதையச் சொன்னா. அந்தப் பொண்ணு, "இதுக்கா அக்கா அழுவுற?"ன்னுட்டு தூளிய அவுக்க எந்திரிச்சா. அப்போ மரகதம் திரும்ப ஓடி, தகதகத் திரையக் கழட்டிக் கொண்டாந்து, அதுல புதுத் தூளி கட்டிக் குடுத்தா. கொழந்த முழிக்கவே இல்ல. இப்ப உன்ன மாதிரி.

வீட்டுக்கு வந்து கயித்தக் கட்டினா, கண்ணாடியச் சாய்ச்சா, சேலையத் தொங்கவிட்டா. கட்டக் கட்டத்தான் அவளுக்கு உறைச்சுது. பரிமளம்மா ஒரு ஆணி அடிக்க விட்டிருந்தா இந்தக் கயிறு ஏது? அந்த வீடு இருட்டா இல்லேன்னா இந்த வெளிச்சம் ஏது? திட்டின வாயால, "எல்லாரும் நல்லா இருக்கணும்"னு அந்தப் பழைய வீடுங்க பக்கமாத் திரும்பிக் கும்பிட்டா.

மறுநா காலையில சீனியம்மா எந்திரிச்சு வந்துச்சு. ஆடுற போட்டோவப் பாத்துச்சு. செவுத்து வெளிச்சத்தப் பாத்துச்சு. நேராப் போயி சேலை முனையத் தூக்கி, செவுத்துல கைய வச்சுது.

"அடியே மரகதம்! ஓதம் காஞ்சு போச்சுடி! நம்ம வீட்டுல ஓதம் காஞ்சு போச்சு!"

அப்புறம் சம்மணம் போட்டு உக்காந்து, "காப்பி கொண்டா"ன்னுச்சு.

ம் சொல்லு. சொல்லலியா? சரிதான்.

செவுரும் காஞ்சுது, கதையும் ஓஞ்சுது, நீ தூங்கு.