குளத்தங்கரைத் தெருவுக்கு ராஜா வருகிறார்

மாடமங்கலத்தை ஆண்ட மகுடராயருக்குத் தன் தலைநகரத்தின் மேல் கொள்ளைப் பிரியம். பிரியம் இருந்ததே தவிர, அரண்மனையைச் சுற்றியிருந்த ராஜவீதியைத் தாண்டி அவர் அதைப் பார்த்ததில்லை. பார்த்த வரையில் நகரம் அழகாகத்தான் இருந்தது. அப்படியும் பிறந்தநாள் தர்பாரில் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது.

"இந்த நகரத்தை இன்னும் சிறப்பாக்க என்ன செய்யலாம்? இளையவர்கள் யார் வேண்டுமானாலும் தயங்காமல் சொல்லலாம்" என்றார்.

தயங்காமல் என்று ராஜா சொன்னால் நன்றாகத் தயங்கவேண்டும் என்று அர்த்தம். அரண்மனையில் பழகியவர்களுக்கு அது தெரியும். தளபதியின் மகன் கோட்டை வாசலுக்குப் பொன்முலாம் பூசச் சொன்னான். மந்திரியின் மகன் நீரூற்றில் பன்னீர் விடச் சொன்னான். ராஜா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அரண்மனைக்கு வளையல் கொடுக்க வந்திருந்த குளத்தங்கரைத் தெரு வளையல்காரர் மகள் காத்தாயிக்கு இந்த அர்த்தமெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, பாவம்.

"மகாராஜா, நீங்க அடிக்கடி எங்க தெருவுக்கு வரணும். நான் ஆசைப்படுறது அதுதான்" என்றாள்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "என்மேல் அவ்வளவு பாசமா?"

"பாசம் இருக்குதுங்க. ஆனா அதுக்காக இல்ல. போன வருஷம் நீங்க எங்க தெரு வழியா வரப்போறதா சேதி வந்துச்சு. உடனே பள்ளத்தையெல்லாம் மூடினாங்க, சாக்கடையை வாரினாங்க, விளக்குக்கம்பம் நட்டாங்க. அப்புறம் நீங்க வரலைன்னு தெரிஞ்சதும் கம்பத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. பிடுங்கின குழியில எங்கப்பா விழுந்து, கால் ஒடிஞ்சு கிடக்கிறாரு."

நகர அதிகாரி உத்தண்டர் துள்ளி எழுந்தார். "அபாண்டம், மகாராஜா. என் நிர்வாகத்தில் எந்தத் தெருவிலும் குழி கிடையாது. நாளைக்கே தாங்கள் நேரில் வந்து பாருங்கள். குழி இருந்தால் நான் பதவியை விடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பெண் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போகட்டும்."

"நியாயம்தானே" என்றார் ராஜா.

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தால் குழி எப்படி இருக்கும்? கால் ஒடிந்த அப்பாவைக் காத்தாயி எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவாள்? அவையில் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்தது. ராஜாவிடம் எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடும் அரசவைப் புலவர் சாரங்கர் மட்டும், "நானும் கூட வருகிறேன்" என்றார்.

மறுநாள் ராஜா புறப்பட்டார். கட்டியக்காரன் வெள்ளித்தடியோடு முன்னால் நடந்து, "ராஜாதிராஜ மகுடராயர் பராக், பராக்" என்று முழங்கினான். குளத்தங்கரைத் தெரு கல்யாண வீடு மாதிரி இருந்தது. புதுமணல், வாழைமரம், தோரணம், வரிசையாக விளக்குக்கம்பங்கள். சாக்கடை ஓரத்தில்கூடக் கோலம் போட்டிருந்தார்கள். வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த காத்தாயியின் அப்பாவையும் கண்ணுக்குத் தெரியாதபடி பட்டுத்துணி போட்டு மூடியிருந்தார்கள்.

உத்தண்டர் மீசையைத் தடவினார். "குழி எங்கே, பெண்ணே?"

காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

"இவளைப் புறப்படச் சொல்லுங்கள், மகாராஜா" என்றார் உத்தண்டர்.

"எதற்கு?" என்றார் சாரங்கர். "ராஜா வந்தால் தெரு நன்றாகும் என்றுதானே இவள் சொன்னாள்? ராஜா வந்தார், தெரு நன்றாகிவிட்டது. இவள் சொன்னது உண்மை என்று நிரூபிக்க உத்தண்டர்தான் பாவம், இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்."

உத்தண்டருக்கு முகம் வெளிறியது. "இந்தத் தெரு எப்போதுமே இப்படித்தான் இருக்கும், மகாராஜா."

"அப்படியானால் இந்தக் கம்பங்கள் நாளைக்கும் இங்கேயே நிற்குமா?"

"நிற்கும்."

"அடுத்த வருஷமும்?"

"நிற்கும்" என்றார் உத்தண்டர். வேறு என்ன சொல்ல முடியும்?

ராஜா அப்படியொன்றும் மந்தமானவர் இல்லை. மணலின் ஈரத்தைப் பார்த்தார். உத்தண்டரைப் பார்த்தார். பட்டுத்துணிக்கு அடியிலிருந்து யாரோ தும்முவதையும் கேட்டார்.

"அப்படியென்றால் ஒவ்வொரு தெருவுக்கும் நான் போய்க்கொண்டே இருக்க வேண்டுமா, சாரங்கரே? வெயில் மண்டையைப் பிளக்கிறது."

"தாங்கள் எதற்கு மகாராஜா? பராக் என்ற சத்தத்துக்கே தெரு திருந்திவிடுகிறது. தாங்கள் வந்தாலும் பராக்குத்தானே பார்க்கப் போகிறீர்கள்."

ராஜா ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாரங்கருக்குப் போட்டார். கட்டியக்காரனின் வெள்ளித்தடியை வாங்கிக் காத்தாயியிடம் கொடுத்தார்.

"இனி ஊருக்குள் என் வருகையை அறிவிப்பது உன் வேலை. எந்தத் தெரு, என்றைக்கு என்பதெல்லாம் உன் இஷ்டம். என்னைக் கேட்க வேண்டாம்."

குழி இல்லாததால் உத்தண்டரின் பதவி பிழைத்துக்கொண்டது. அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை. அன்று சாயங்காலமே வளையல்காரர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றார். தர்பாரில் பேசும் மிடுக்கான தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"காத்தாயிம்மா, என்கிட்ட மட்டும் சொல்லிடும்மா. அடுத்தாப்ல மகாராஜா எந்தத் தெருவுக்கு வர்றாரு?"

"அது மகாராஜாவுக்கே இன்னும் தெரியாதுங்களே ஐயா" என்றாள் காத்தாயி.