ஓரத்துக்குப் போ

ஈரோட்டில் பேக்கரி முதலாளி மாசிலாமணியிடம் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த பாவாயி, வேலையை உதறிவிட்டு அவர் கடை வாசலிலேயே சாண்ட்விச் வண்டி போட்டாள்.

"எங்கிட்டக் கூலிக்கு நின்னவ எனக்கே போட்டியா? ஓரத்துக்குப் போ," என்று மாசிலாமணி விரட்டினார்.

அவள் வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தி, 'ஓரம்' என்று பெயர்ப்பலகை மாட்டினாள்.

மறுநாள் பேக்கரி வாசலை மறித்து நின்ற கூட்டத்தைப் பார்த்து அவர் கத்தினார்: "வழிய மறிக்காதீங்க. ஓரத்துக்குப் போங்க."

முதலாளியே சொல்கிறாரே என்று எல்லாரும் அவள் வண்டிக்குப் போனார்கள்.

"பலகையைக் கழட்டுடி," என்று பாய்ந்து வந்தார் மாசிலாமணி.

"பேரு நீங்க வெச்சதுங்க. விளம்பரமும் நீங்கதான் பண்றீங்க. நான் எதுக்குங்க கழட்டணும்?"

இன்று ஓரத்துக்கு ஒன்பது கிளைகள். ஒன்பதும் கடைவீதிக்கு நட்டநடுவில்தான் இருக்கின்றன.